காற்றைக் கட்டும் கூரை

காரணம்பேட்டையைத் தாண்டி சூலூர் போகும் சாலையோரம், சோளக்காடாக இருந்த செம்மண்ணில் பனியன் கம்பெனிக்கு ஷெட் எழும்புகிறது. ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வலுப்பதற்குள் தூக்கி முடிக்க வேண்டும் என்று, விடிந்ததுமே வேலை தொடங்கியாயிற்று.

கிரேனில் இரும்பு உத்திரம் மெல்ல ஏறுகிறது. கீழே மேஸ்திரி வாய் திறப்பதில்லை. கட்டைவிரல் நிமிர்ந்தால் ஏற்றம். கை மூடினால் நிறுத்தம். இரு முனைகளிலும் கட்டிய கயிற்றை இளைஞர்கள் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். உத்திரம் சுழலாமல் போகிறது.

தூண்கள் அடியில் ஒடுங்கி, மேலே போகப்போக அகல்கின்றன. உத்திரத்தோடு சேரும் மூலையில்தான் தடிமன் அதிகம். வளைக்கும் விசை உச்சம் கொள்வது அங்கே. அப்படி இரும்பைப் பார்த்துப் பார்த்து வைப்பதால்தான் நடுவில் ஒரு தூணும் வேண்டியிருப்பதில்லை. ஆர்டருக்கேற்பத் தையல் வரிசைகளை மாற்றிப் போடத் தரை முழுக்கக் கிடைக்கும்.

மேலே தேஜஸ் போர் விமானம் ஒன்று உறுமிக்கொண்டு கடக்கிறது. 2018 முதல் சூலூர் விமானப்படைத் தளத்தில் இந்த ரகம் உண்டு.

விமானக் கொட்டகையும் இதே இனம்தான். ஆனால் அதற்கு ஒரு பக்கம் முழுவதும் கதவு. இறக்கை முனைக்கு முனை 29 மீட்டர் கொண்ட ஏஎன்-32 சரக்கு விமானம் நுழையும் வாசலில் தூணுக்கு இடமேது? வாசலுக்கு மேலே ஆழமான ட்ரஸ் ஒன்று கூரைப் பாரத்தை வாங்கி இரு ஓரங்களுக்கும் கடத்துகிறது. கதவு திறந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையை மேலே தள்ளும். வெளியே பாயும் காற்றும் அதை மேல்நோக்கி உறிஞ்சும். தகட்டுக் கூரை கனமற்றது. அது பறந்துவிடாமல் பிடித்துவைப்பதே பெரும்பாடு. கோவைக்கு இந்தியத் தரவிதி வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர்.

இந்தப் பனியன் ஷெட்டிலும் அந்தப் பிடி அடித்தளத்தில்தான் இருக்கிறது. தூணடியில் ஒருவர் குந்தி, கான்கிரீட்டில் புதைந்த போல்ட்டுகளின் நட்டுகளை இறுக்குகிறார். இறுக்கியதில் எல்லாம் சாக்பீஸ் கோடு. நாளை பூச்சு மூடிவிடும், யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் நூற்றுக்கணக்கான பெண்கள் உட்கார்ந்து தைக்கப்போவது இந்தக் கோடுகளை நம்பித்தான்.

அடுத்த உத்திரத்துக்குக் கயிறு கட்டியாயிற்று. மேஸ்திரி தூண் தூணாகக் குனிந்து வருகிறார். கோடு விழாத நட்டு ஒன்றை விரலால் தட்டிக் காட்டுகிறார். அது இறுகும்வரை கிரேன் நிற்கிறது.