குடிச்சா பலம் கூடுமா?



சிங்கப்பெருமாள் கோவிலில் நாங்கள் தங்கியிருக்கும் அறைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தால், பேப்பரும் பென்சிலும் பகடையுமாக உட்கார்ந்திருப்போம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கற்பனை விளையாட்டு. 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒருத்தர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக மாறுவோம். வாள் வீசினால் படுமா படாதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். வைகுண்ட ஏகாதசிக்கு ராத்திரி முழிச்சு ஆடுற பரமபதத்துக்கு தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கோங்களேன்!

இந்தக் கதைகளில் வீரர்கள் மதுக்கடைக்குள் நுழையாமல் இருப்பது அபூர்வம். குடிச்சா என்ன ஆகும்? 1979-ல் கேரி கைகாக்ஸ் எழுதிய வழிகாட்டிப் புத்தகத்தில் அதற்கென்றே அட்டவணை உண்டு. போதை ஏற ஏற துணிச்சல் கூடும். புத்தியும் விவேகமும் குறையும். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பை ஆடுகிறவர்கள் பலர், போதையை விஷம் ஏறிய நிலையாகவே கணக்கு வைக்கிறார்கள். அடிக்கும்போது ரெண்டு தடவை உருட்டி, சின்ன எண்ணைத்தான் எடுத்துக்கணும்.

"குடிச்சா பலம் கூடணும்டா, சினிமால பாத்ததில்லையா?" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தோம். சிரிக்காத ஒருத்தன் மெதுவாகச் சொன்னான்: "எங்க வீட்ல குடிக்கிறது அப்பா. பகடை உருட்டறது அம்மா."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அன்னைக்கே நாங்களாக ஒரு சட்டம் போட்டோம். எந்த வீரன் குடித்தாலும் அந்த மோசமான பகடை அவனுக்கு இல்லை. பக்கத்தில் நிற்கும் தோழனுக்கு. இப்போதெல்லாம் குடிக்கப் போகிறவன் முதலில் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்க்கிறான். சில நாள் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறான்.

நம்ம ஊர் வழியாக ஓடுகிற ஜி.எஸ்.டி. ரோட்டிலும் இதே கணக்குதான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு. 2019-ல் வந்த திருத்தப்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆபத்து குடித்தவனுக்கு மட்டும்தான் என்றால் இவ்வளவு கடுமை எதற்கு? பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் நண்பன், ரோட்டைக் கடக்கும் பாட்டி, இவர்களுக்கும் சேர்த்துத்தானே பகடை உருளுது!

விளையாட்டில் வீரன் செத்தால் புதுப் பேப்பர் எடுத்து இன்னொருத்தனை எழுதிக்கலாம். பக்கத்துல உக்காந்திருக்கிறவனுக்கு ஒரே உசுருதான் நண்பர்களே. யாராவது கிளாஸை நீட்டினா, வாங்குறதுக்கு முன்னாடி அவன் முகத்தை ஒரு தடவை பாத்துடுங்க.