நடையைத் திருடியவர்

பேராக் மாநிலத்துச் சுங்காயில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஆங்கிலம் தெரியாது. ஆங்கிலத்திலிருந்து நான் தமிழாக்கும் எதையும் அச்சுக்குக் கொடுக்குமுன் அவரிடம் வாசித்துக் காட்டிவிடுவேன். ஒருமுறை ஒரு வியாபாரியின் வாழ்க்கைக் கதையை வாசித்துக்கொண்டிருந்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏன் தம்பி, இந்த ஆளு நல்லவரா, ஏமாத்துக்காரரா?"

மூலத்தில் அவர்தான் கதாநாயகர். போட்டிக் கடைக்காரர்கள்மேல் 'ஸ்டீல் எ மார்ச்' செய்தார் என்று இருந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் நடையைத் திருடுவது. எதிரிக்குத் தெரியாமல் படையை நடத்திக்கொண்டுபோய் முன்னால் நிற்பது அதன் பழைய பொருள். பெயரில்தான் திருட்டு, செயலில் இருப்பது விழிப்பு. நானோ 'போட்டியாளர்களின் கண்ணில் மண்ணைத் தூவி' என்று எழுதியிருந்தேன். உழைத்து முன்னேறிய மனிதரை ஒரே தொடரில் மோசடிக்காரராக்கிவிட்டேன். அன்றிரவே 'அவர்கள் விழித்துக்கொள்வதற்குள் முந்திக்கொண்டார்' என்று மாற்றினேன்.

அதற்குப் பிறகு, ஒருவரை ஒருவர் மிஞ்சுவதைச் சொல்லும் எந்தத் தொடரைத் தொட்டாலும் முதலில் ஒன்றைப் பார்க்கிறேன்: சொல்பவர் யார் பக்கம் நிற்கிறார்? அகராதி பொருளைத் தரும். பக்கத்தைச் சொல்லாது.

தமிழில் இப்படிப்பட்ட தொடர்கள் பலவும் ஏமாந்தவர் பக்கம் நிற்பவை. அவற்றுக்குள்ளும் எத்தனை வேறுபாடு! நாமம் போட்டான் என்றால் கொடுத்த காசு திரும்பவில்லை. காதில் பூ சுற்றுகிறான் என்றால் நம்ப முடியாத கதை சொல்கிறான். கேட்பவருக்குப் பாதி புரிந்தும் விட்டது. தலையில் மிளகாய் அரைப்பதற்கோ நாள் பிடிக்கும். தலையைக் கொடுத்துக்கொண்டு ஒருவர் பொறுமையாக உட்கார்ந்திருக்கவும் வேண்டும். மூன்றுக்கும் 'ஏமாற்றினான்' என்று எழுதி நகர்ந்துவிடுவது மொழிக்குச் செய்யும் துரோகம்.

கண்ணுக்குமேல் கம்பளியை இழுப்பது என்று ஆங்கிலத்தில் ஒன்று உண்டு. அதற்கு நம் மண்ணைத் தூவுவதே இணை என்று எல்லாரும் எழுதுகிறோம், நானும்தான். பெரும்பாலும் பொருந்துகிறது. ஆனால் மண் உறுத்தும், கம்பளி உறுத்தாது. ஏமாந்தவர் கடைசிவரை அறியாமலே இருக்கும் இடத்தில் நான் மண்ணைத் தொடுவதில்லை.

'தண்ணி காட்டினான்' என்பதில் மட்டும் சிறு மெச்சுதல் இருக்கிறது. துரத்தியவர்களை அலையவிட்டவனை அப்படிச் சொல்வோம். எனக்குப் பிடித்த தொடர். ஆனாலும் ரப்பர் தோட்டத்துக் கதையில் அதைப் போட யோசிப்பேன். மரத்தடியில் பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் வடியும் பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நிறுவைக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி மிதவைக் கருவியை விட்டுப் பார்த்தால் வாளியில் தண்ணீர் கலந்திருப்பது தெரிந்துவிடும். அங்கே வளர்ந்தவர்கள் முன் 'கிராணிக்குத் தண்ணி காட்டினான்' என்றால் வாளியைத்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

நரியை வைத்து ஆங்கிலத்தில் 'அவுட்ஃபாக்ஸ்' என்கிறார்கள்; பெரும்பாலும் பாராட்டு. நமக்கு நரித்தனம் வசை. பேராக்கில் இருக்கும் எனக்கு இதற்கு ஒரு வழி கிடைத்தது. மலாய்க் கதையில் வரும் காஞ்சில், நம் சருகுமான், முதலைகளை எண்ண வந்ததாகச் சொல்லி ஆற்றில் வரிசையாக நிற்க வைத்து, முதுகுகள்மேல் குதித்து அக்கரை சேர்ந்துவிடும். இங்கே எல்லாப் பிள்ளைகளும் கேட்ட கதை. அதனால் 'காஞ்சில் ஆற்றைத் தாண்டியதுபோல' என்று துணிந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பதிப்பாக இருந்தால் எழுதமாட்டேன். அங்கே 'எத்தனுக்கு எத்தன்' போதும்.

கதையும் கூடவே போனால் உவமை கடல் தாண்டும். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை பெஞ்சமின் பாபிங்டன் 1822இல் லண்டனில் ஆங்கிலமாக்கினார். பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று விற்ற இடம் அங்கேயும் முட்டையாகவே போய்ச் சேர்ந்தது. சில இடங்களில் அந்தச் சிரமமும் இல்லை. நம் வேலி பயிரை மேய்கிறது; மலாய்ப் பழமொழியில் வேலி நெல்லைத் தின்கிறது.

மொழிபெயர்க்க வரும் தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்கிறேன். மூலமொழி தெரியாத ஒருவருக்கு உங்கள் பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறாரோ, அந்த வரியை மறுபடி எழுதுங்கள்.