கடல் காணப் போவோர்க்கு

குளிர்நாட்டு மக்கள் வெயிலை நாடிக் கடற்கரைக்குச் செல்கின்றனர். ஆண்டின் பெரும்பகுதியை மேகமூட்டத்திலும் பனியிலும் கழிக்கும் அவர்களுக்கு, மணலில் படுத்து வெயில் காய்வதே விடுமுறையின் பேரின்பம். சித்தூரிலும் திருப்பதியிலும் குடியிருக்கும் நமக்கோ வெயிலுக்குக் குறைவில்லை. சித்திரை பிறக்குமுன்னரே அது வாயிற்படியேறி வந்துவிடுகிறது. நாம் கடலுக்குப் போவது காற்றுக்காகவும் அலைக்காகவும். அதனினும் மேலாக, மலைகளுக்கு நடுவே வளரும் நம் பிள்ளைகள், கண்ணுக்கெட்டிய தொலைவரை மலையே இல்லாத ஒரு வெளியை ஒருமுறையேனும் காண வேண்டும் என்பதற்காக.

நம் வீடுகளில் கடற்பயணம் என்ற பேச்சு எழுந்தவுடன் கோவா என்பார் ஒருவர். விசாகப்பட்டினம் என்பார் மற்றொருவர். கணக்குப் பார்த்தபின் இருவரும் வாய்மூடி விடுவர். பழந்தமிழில் 'செலவு' என்ற சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். அச்சொல் பணம் கரைவதையும் குறிக்கலானது எவ்வாறு என்பதை, ஐவர் கொண்ட குடும்பத்தை அழைத்துச் சென்று வந்த எவரும் விளக்கக் கூடும்.

அவ்வளவு தொலைவு போக வேண்டிய தேவையே இல்லை. 1911-ல் அமைந்த சித்தூர் மாவட்டம் கடலைத் தொடாத மாவட்டம். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டம் ஆனபோது, நெல்லூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த சூளூர்ப்பேட்டைப் பகுதி அதனுடன் சேர்ந்தது. ஏழுமலையின் அடிவாரத்து மாவட்டத்திற்கு அன்று கடலும் வாய்த்தது. வாக்காட்டை அடுத்த தூபிலிபாளையம், நெல்லூருக்குக் கிழக்கே மைப்பாடு ஆகிய கரைகளுக்கு விடியலில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பலாம். சித்தூரிலிருப்போர் வேலூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு வழியாக மாமல்லபுரம் சேரலாம். அங்குக் கற்கோயில்களும் உள, கூட்டமும் உண்டு. ஆயினும் யான் பரிந்துரைப்பது பழவேற்காட்டையே.

இடத்திற்கு முன் நாளை முடிவு செய்தல் வேண்டும். தசரா விடுமுறை நீண்டதாகையால் பலர் அதனையே குறிக்கின்றனர். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். வங்கக் கடலில் புயல்கள் எழும் காலமும் அதுவே. கோடை விடுமுறையிலோ முற்பகலிலேயே மணல் பாதத்தைச் சுடத் தொடங்கிவிடும். சங்கராந்தி விடுமுறைதான் தக்கது. மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும், வெயிலும் இதமானது, பூநாரைகளும் வந்திருக்கும். காணும் பொங்கல் நாளை மட்டும் விலக்குக. அன்று கடற்கரைகளில் மணல் தெரியாது, தலைகளே தெரியும்.

திருப்பதியிலிருந்து செல்லும் வழி ஒரு தனிச் சுவை உடையது. புத்தூர் கடந்து நாகலாபுரம் சேர்ந்தால், கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாதேவியின் நினைவாக எழுப்பிய வேதநாராயணர் கோயில் உண்டு. மூலவர் மீன் வடிவினர்; கடலுள் மறைக்கப்பட்ட வேதங்களை மீட்க மீனானவர் என்பது வரலாறு. மார்ச்சு மாதத்தில் மூன்று நாள் மாலையில் சூரியக் கதிர் வாயில்களை எல்லாம் கடந்து மூலவர் மீது படியும்படி அமைத்துள்ளனர். அங்கிருந்து சிறிது தொலைவில் சுருட்டப்பள்ளி. எங்கும் இலிங்க வடிவில் காணும் சிவபெருமான், பாற்கடலில் எழுந்த நஞ்சை உண்ட அயர்வினால் இங்கே பள்ளி கொண்டிருக்கிறார். கடலைக் காணப் போகும் வழியில் கடலுள் புகுந்த கடவுளும், கடல்நஞ்சை உண்ட கடவுளும் அடுத்தடுத்து அமைந்திருப்பது தற்செயல்தான். ஆயினும் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிச் செல்ல இதனினும் நல்ல சாலை வேறில்லை. ஊத்துக்கோட்டையில் மாநில எல்லை கடக்கும், பின் பொன்னேரி, அதன்பின் பழவேற்காடு. கோயில்களில் நிற்கும் நேரம் நீங்கலாக மூன்று மணிக்கு மேல் ஆகும் என்று கொள்க. இரயிலில் வருவோர்க்குப் பொன்னேரியே அண்மை நிலையம்.

பழவேற்காடு ஒரு சிற்றூர்; ஆனால் முதிய ஊர். ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர் 1613-ல் இங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். 1690-ல் நாகப்பட்டினத்திற்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்திற்கு இதுவே தலைமையிடம். நம் நெசவாளர் நெய்த துணிகள் இங்கிருந்து கீழைத் தீவுகளுக்குக் கப்பலேறின. கோட்டை இன்று புதர் மண்டிய இடிபாடு. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் துறையின் காவலில் நிலைத்திருக்கிறது. அதன் வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்துள்ளனர். பெரியோர் கல்லெழுத்தைப் படிக்க முயலும் நேரத்தில், சிறுவர் அவற்றை விட்டு அகலமாட்டார்.

ஊரை ஒட்டி உப்பங்கழி விரிகின்றது. நம் நாட்டில் சிலிகைக்கு அடுத்த பெரிய உவர்நீர்க் காயல் இது. தமிழகமும் ஆந்திரமும் பகிர்ந்து கொள்வது. சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டரே. அதனாற்றான் நெடுங்கால் பூநாரைகள் நடுநீரிலும் நின்று, அலகைக் கவிழ்த்து இரை அரிக்க முடிகிறது. அவற்றை மிகுதியாகக் காண விரும்புவோர் வேறொரு நாள் சூளூர்ப்பேட்டையிலிருந்து சிரீஹரிகோட்டை நோக்கிக் காயலின் குறுக்கே செல்லும் சாலைக்குப் போதல் நன்று. பாலத்தைக் கடந்தால் கலங்கரை விளக்கம் நிற்கும் மணற்றிட்டு, அதற்கப்பால் கடல்.

இங்கு ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று, விடுமுறையைக் கழிக்க வந்த உறவினர் கூட்டம் ஒன்று இக்காயலில் படகேறிச் சென்றது. படகு கவிழ்ந்து, பெண்களும் குழந்தைகளும் உட்பட 22 பேர் மாண்டனர். அவர்களிடம் மிதவைச் சட்டை இல்லை. மார்பளவு நீர்தானே என்று எண்ணுதற்கு இடமில்லை. காயல் கடலொடு கூடும் முகத்துவாரத்தில் நீர் ஓதத்தோடு விரைந்து புகும், விரைந்து வடியும். ஆகையால் மீன்பிடி படகுக்காரர் எவரேனும் "ஐயா, அரைமணி நேரத்தில் சுற்றிக் காட்டுகிறேன்" என்று அழைத்தால், வணங்கி மறுத்துவிடுக. குழந்தை அழுதாலும் மறுக்க.

கடலிலும் அப்படியே. நம் பிள்ளைகள் கிணற்றையும் ஏரியையும் அறிவர், அலையை அறியார். ஏரியில் நீந்தியவனுக்குக் கடல் எம்மட்டு என்று பேசும் பெரியவர்களும் நம்மிடையே உளர். கரைக்கு அலை கொணரும் நீர் முழுவதும் திரும்பிப் போக வேண்டுமன்றோ? அது சில இடங்களில் குறுகிய ஓடைபோல் ஒன்றுகூடி உள்நோக்கி இழுக்கும். அவ்விடத்தில் அலை உடையாது. நீர் அமைதியாகத் தோன்றும். புதியவர் அவ்வமைதியைக் கண்டே அங்கு இறங்குவர். அகப்பட்டவர் கரையை நோக்கிப் போராடினால் களைத்து மூழ்குவர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு விலகியபின் கரை திரும்புவதே பிழைக்கும் வழி. நீந்த இயலாதவர் மிதந்தபடியே கையுயர்த்தி உதவி கோர வேண்டும். நம்மைப் போன்ற குடும்பத்தார்க்குக் கணுக்கால் அளவு நீரே போதும். ஒரு பெரியவர் கைக்கு ஒரு குழந்தை என்பது கணக்காக இருக்கட்டும். கை போதாவிடில் முறை வைத்து அலையில் நிற்கட்டும்.

புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொள்ளுங்கள். குடிநீர் இரட்டிப்பாக எடுத்துச் செல்லுங்கள். இலையும் தாளும் மணலில் விடாமல் மூட்டையில் திரும்பட்டும். நெய்தல் நிலத்திற்கு எற்பாட்டைச் சிறுபொழுதாக வகுத்தனர் இலக்கணம் செய்தோர். அதற்குக் கதிரவன் சாயும் பொழுது என்பர் உரையாசிரியர். நம் கடல் கிழக்கே உள்ளது; பிற்பகல் நான்கு மணிக்கு வெயில் முதுகுப்புறம் போய்விடும்; கண் கூசாது; கடற்காற்றும் வீசிக்கொண்டிருக்கும். கோயில்களைக் காலையிலும் கல்லறைத் தோட்டத்தை நண்பகலுக்கு முன்னும் முடித்து, அப்பொழுதுக்குக் கரை சேர்வதே நல்ல திட்டம். ஐந்தரை மணிக்குப் புறப்பட்டுவிட வேண்டும். ஊத்துக்கோட்டைச் சாலையில் இரவில் பார வண்டிகள் மிகுதி. பிரதோஷ நாளாயின் சுருட்டப்பள்ளியில் மாலைக் கூட்டம் நெரியும். அதற்கென மேலும் ஒரு மணி நேரம் ஒதுக்குக.