எதிரே ஆடியவர் யார்?

பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழ்களில் குரு பரம்பரை என்று ஒரு பத்தி இருக்கும். பெரும்பாலும் அது தஞ்சை நால்வரில் போய் நிற்கும்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம் என்ற கச்சேரி வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் இவர்கள்தான் என்கிறோம். சரி, அவர்கள் தட்டுக்கழி பிடித்தபோது எதிரே நின்று ஆடிய பெண்கள் யார்? இதைக் கேட்டுக்கொண்டேதான் தஞ்சாவூர் போனேன்.

நால்வர் பக்கம் ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. முத்துசுவாமி தீட்சிதரிடம் பயின்றது, இரண்டாம் சரபோஜி அரசவையில் இருந்தது, வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் யானைத் தந்தத்தாலான வயலினைக் கொடுத்தது என்று எல்லாம் பதிவாகியிருக்கிறது. மேல வீதியில் அவர்கள் வீடு இருக்கிறது. உருப்படிகளை வாரிசுகளே சுரப்படுத்தி அச்சிட்டிருக்கிறார்கள். கிட்டப்பா பிள்ளையின் ‘பொன்னையா மணிமாலை’ அப்படி வந்ததுதான். ஆனால் வர்ணத்தில் சுவாமி வருவார், ராஜா வருவார். ஆடியவள் வரமாட்டாள்.

அவளைப் பார்க்க அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்து பெரிய கோயிலுக்குப் போகவேண்டும். நால்வருக்கு எண்ணூறு ஆண்டுகள் முந்திய ராஜராஜன் கல்வெட்டில் கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகள் பெயர் பெயராக இருக்கிறார்கள். வெறும் பெயர் இல்லை, முகவரி. எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று வரிசையாகப் போகிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு: நக்கன் சேரமங்கை. திருவாரூர், திருவையாறு, நாகப்பட்டினம் என்று சோழநாடு முழுவதிலிருந்தும் கொண்டுவந்து குடியேற்றியிருக்கிறார்கள். ஒருத்திக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. (வாத்தியாருக்கு இரட்டைச் சம்பளம் அப்போதே வந்துவிட்டது!) பங்குக்காரி இறந்தால் நெருங்கிய உறவில் தகுதியானவர் பணியைச் செய்து நெல்லைப் பெறலாம் என்றும் விதி இருக்கிறது. எனக்கு அதில் உறவைவிடத் தகுதி என்ற நிபந்தனைதான் பெரிதாகப் பட்டது. ஆனாலும் அது கோயில் கணக்கு. அவள் எழுதியது இல்லை.

பெண் வழியாகவே பரம்பரை சொல்லும் வீடுகளும் இருந்தன. பாலசரஸ்வதியின் குடும்பம் தஞ்சை அரசவையின் பாப்பம்மாளில் தொடங்கி, காமாட்சி, வீணை தனம்மாள், ஜெயம்மாள் என்று தாய் வழியாகத்தான் தன்னை எண்ணிக்கொண்டது. பாலாவுக்குச் சொல்லிக்கொடுத்த கந்தப்பா பிள்ளை நால்வர் வழி வந்தவர். ஆக, வாத்தியார் பரம்பரையும் ஆடுகிற பரம்பரையும் ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. அழைப்பிதழ் ஒன்றை மட்டும் அச்சிடுகிறது.

ஆடியவர் கைப்பட எழுதியதைக் கடைசியில் சென்னையில் பார்த்தேன். ஐம்பதுகளில் ஆட்டம் படித்த அம்மா ஒருவரின் நோட்டு. முதல் பக்கங்களில் தட்டடவும் நாட்டடவும் சொற்கட்டுடன், தட்டு விழும் இடத்துக்குக் கீழே சின்னக் கோடு போட்டு எழுதியிருந்தார். வாத்தியார் எழுத விடமாட்டாராம். “காலில் ஏறினால் போதும், காகிதம் எதுக்கு?” என்பாராம். வீட்டுக்கு ஓடி வந்து, மறப்பதற்குள் எழுதியது.

நோட்டின் நடுவில் ஒரு பதம். சாகித்திய வரிகளுக்கு இடையே கை முத்திரைகள் மையில் எழுதியிருந்தன. ஒரே ஒரு வரிக்கு மட்டும் ஓரத்தில் பென்சிலால் வேறொரு சஞ்சாரி: தலைவி கொண்டையிலிருந்து பூவை உருவுகிறாள், தோழி கையில் கொடுக்கப்போய், திரும்பத் தலையிலேயே வைத்துக்கொள்கிறாள். இது வாத்தியார் சொல்லிக்கொடுத்ததா என்று கேட்டேன்.

“இல்லையே, எனக்குத் தோணினது. அவர்கிட்ட ஆடிக் காட்டினேன். ஒண்ணும் சொல்லலை. அடுத்த வாரம் இன்னொரு பொண்ணுக்கு அதையே சொல்லிக்கொடுத்துட்டிருந்தார்” என்றார்.