சுவர்ணமுகியும் ஒரு கருவி

மானும் மயிலும் வரைந்திருப்பதாலேயே ஒரு துணி இயற்கையைக் காக்கும் கலை ஆகிவிடாது. அது எந்த நீரில் அலசப்பட்டது, எந்தச் செடியிலிருந்து நிறம் வாங்கியது என்று பார்த்த பிறகே அப்படிச் சொல்ல முடியும். ஆந்திராவின் காளஹஸ்தியில் துணியில் கையால் தீட்டும் கலம்காரி ஓவியம் இதற்கு நல்ல சான்று. சித்தூர் மாவட்டத்தில் இருந்த அந்த ஊர், 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே வெளுக்காத பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். பாலின் கொழுப்பு, தீட்டும் மை பரவாமல் தடுக்கும். மூங்கில் குச்சியில் கம்பளி நூல் சுற்றியதுதான் கலம். வெல்லத்தோடு இரும்புத் துண்டுகளை ஊறப்போட்டுப் புளிக்கவைத்த நீர், கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்ததும் கோடு கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தீட்டி, மஞ்சிட்டி போன்ற சாயப்பொருளோடு துணியைக் கொதிக்கவைப்பார்கள். நீலத்துக்கு அவுரி. இடையிடையே ஓடும் நீரில் அலச வேண்டும். தேங்கிய நீரில் அலசினால், கழிந்த படிகாரம் படமில்லாத இடத்தில் ஒட்டிக்கொண்டு அங்கும் சிவப்பேறிவிடும். தலைமுறைகளாக அந்த அலசலுக்கு உதவியது சுவர்ணமுகி ஆறு. கலத்தைப் போல அதுவும் ஒரு கருவி.

இதோடு இன்னொரு கைவேலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் 2005இல் குரோஷே ஊசியால் பவளப்பாறைகளைப் பின்னத் தொடங்கினார்கள். கடலைப் பற்றிய கவலையைப் பலர் மனத்தில் விதைத்த பெரும்பணி அது. ஆனாலும் பவளம் வெளுத்துப்போனால் நூல் கிடைக்காமல் போவதில்லை. காளஹஸ்தியில் ஆறு கெட்டால் துணியே கெடும். 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாயவின் முயற்சியால் அங்கே அமைந்த பயிற்சி மையம், நலிந்த கலைக்கு உயிர் கொடுத்தது. கலம்காரிக் கலைஞர் ஜொன்னலகட்ட குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கலையின் பெயரைக் காக்கப் புவிசார் குறியீடும் உண்டு. இவை எல்லாம் வேண்டியவையே. ஆற்றுக்கும் இதே அக்கறை கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். கண்காட்சியில் துணியின் கீழே கலைஞர் பெயரையும் அளவையும் எழுதும்போது, அலசிய நீரையும் சாயம் வந்த இடத்தையும் எழுதினால் என்ன?

இயற்கைச் சாயம் மட்டும் தூய்மையானதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். படிகாரமும் இரும்பும் அதிலும் கழிவாகின்றன. அடுப்புக்கு விறகு வேண்டும். வேரைத் தோண்டினால் செடி போகும். இதை மறைத்துக் கலம்காரியைப் புகழ்வது அதற்குச் செய்யும் உதவி அல்ல. ஆனால் அருகிலுள்ள சேஷாசலக் காட்டிலும் ஆற்றிலும் எது குறைந்தாலும் முதலில் தவிக்கப்போவது அவற்றை நம்பி வாழும் கைகள்தான். அந்தக் கைகளைச் சேர்க்காத பாதுகாப்புத் திட்டம் நிலைக்காது. தொட்டியில் குழாய்நீரை ஓடவிட்டு அலசலாமே என்பது இன்னொரு வாதம். அலசலாம்தான். ஆனால் சுவர்ணமுகி மழையை நம்பி ஓடும் ஆறு. வெள்ளம் வரும் சில மாதங்களில் அதன் மணல் உறிஞ்சி நிலத்துக்குள் இறக்கும் நீர்தான் கரையோரக் கிணறுகளுக்கு ஊறுகிறது. மணலை வாரிவிட்டுக் குழாயை நம்பினால், அந்தக் குழாயிலும் நெடுநாள் தண்ணீர் வராது.