அப்பா பேர் சிவப்பு

எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர ஒரே பரீட்சைதான். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. எட்டவில்லை என்றால் அடுத்த வருஷம். பிறந்த தேதியை ஹெட்மாஸ்டரே ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாளாகப் போட்டுக்கொள்வார். ஒலக்கூர்ப் பக்கம் என் வயதுக்காரர்கள் பலர் ஜூனில் பிறந்ததன் ரகசியம் இதுதான். நல்ல பெயர் எடுக்கும் பொறுப்பு கைக்கு மட்டும் இருந்தது.

இப்போது அந்தப் பொறுப்பு வீட்டுக்கே வந்துவிட்டது. 2021 கோடையில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது அட்மிஷன் மேளாக்கள் செல்போனுக்குள் நடந்தன. எதிர்வீட்டுப் பெண் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அப்படி ஒன்றில் பெயர் கொடுத்திருந்தாள். "பெரியப்பா, நீங்க வாத்தியாரா இருந்தவரு. கூட வந்து உக்காருங்க" என்றாள்.

வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு. மாடிப்படித் திருப்பத்தில் மூன்று. அங்கேயே நாற்காலி போட்டார்கள். உதிர்ந்த சுண்ணாம்பு தெரியாமலிருக்கப் பின்னால் கல்யாணப் பட்டுப்புடவையைத் தொங்கவிட்டார்கள். போனைச் சாய்த்து வைக்க அரிசி அளக்கிற படி. ரயில் போகும்போது மைக்கை அணைக்கத் தம்பிக்கு உத்தரவு. குழந்தைக்கு ஆங்கிலத்தில் மூன்று பதில்கள் மனப்பாடம்: தன் பெயர், அப்பா பெயர், பிடித்த நிறம்.

திரையில் வந்த மேடம் பெயரைக் கேட்டார். சொன்னாள். அடுத்து, டிபன் சாப்பிட்டாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். குழந்தை அப்பா பெயரைச் சொன்னது. சரி, அப்பா பெயர் என்ன என்றார்.

"ரெட்."

மேடம் வாய்விட்டுச் சிரித்தார், நல்ல மனுஷி. தாய்க்குத்தான் முகம் செத்துப்போயிற்று. சாயங்காலம் வரை "மானம் போச்சு பெரியப்பா" என்றே புலம்பினாள்.

என் வருத்தம் வேறு. அவ்வளவு நேரத்தில் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு கேள்விகூடப் போகவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், பிறகு ஒவ்வொரு தடவையும் 50,000. அதனால் யாரும் பரீட்சை என்று சொல்வதில்லை; சும்மா பேசிப் பார்க்கிறோம் என்பார்கள். அதே சட்டத்தில் நலிந்த பிரிவினருக்கு உள்ள 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். குலுக்கல் பட்டுப்புடவையைப் பார்க்காது. தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்கத் தமிழ்நாட்டில் 2009-லேயே தனிச் சட்டம் வந்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழுவும் இருக்கிறது. அந்தக் குழு உங்கள் பள்ளிக்கு எவ்வளவு கட்டணம் போட்டது என்று கேட்பதில் மரியாதைக் குறைச்சல் எதுவும் இல்லை.

திரையில் பள்ளிக்காரர்கள் புல்வெளியைக் காட்டினார்கள், கம்ப்யூட்டர் அறையைக் காட்டினார்கள். மாடிப்படியைக் காட்டவில்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் பள்ளிக்கூடத் தீயில் கருகி இறந்தார்கள். மேலே கீற்றுக் கூரை, இறங்க ஒரு குறுகல் படி. வாத்தியார்களான எங்களுக்கே அதற்குப் பிறகுதான் படிக்கட்டைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

அடுத்த வாரம் இன்னொரு பள்ளியின் முறை. குழந்தைக்கு எதுவும் சொல்லித்தர வேண்டாம் என்று தடுத்துவிட்டு, தாய் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். திண்டிவனத்திலிருந்து வேன் ஒலக்கூருக்கு எத்தனை மணிக்கு வரும், வண்டியில் ஆயா உண்டா, ஒன்றாம் வகுப்பு எந்த மாடியில், இறங்க எத்தனை வழி. சாப்பாட்டை மிச்சம் வைத்தால் திட்டுவீர்களா என்பதை அவளே கடைசியில் எழுதிச் சேர்த்துக்கொண்டாள்.

முதல் கேள்வியில் குரல் நடுங்கியது. மூன்றாவதில் தெளிந்துவிட்டது. எதிரே இருந்தவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார், காகிதங்களைப் புரட்டினார், பக்கத்தில் யாரையோ பார்த்தார்.

"வேன் விவரம் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றோம்மா" என்றார்.

"கேட்டுட்டு வாங்க மேடம். நான் லைன்லயே இருக்கேன்."