குடிபெயர்தல்

ஓமலூர்ப் புகைவண்டி நிலையத்தில் இருப்புப் பாதை இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று மேட்டூர் அணைக்குச் செல்வது. மற்றொன்று தருமபுரி வழியாகப் பெங்களூருக்குச் செல்வது. மக்கள் ஏன் ஊர்விட்டு ஊர் பெயர்கின்றனர் என்னும் வினாவிற்கு இவ்விரண்டு பாதைகளும் இரண்டு விடைகளை வைத்திருக்கின்றன.

பெங்களூர்ப் பாதையின் விடை எளிதில் விளங்குவது. சேர்வராயன் மலையில் தோன்றும் சரபங்க ஆறு ஓமலூரை ஒட்டி ஓடுகின்றது. ஓடுகின்றது என்பது மழைக்காலத்துக்கே பொருந்தும். ஆண்டின் பல மாதங்களில் அது மணற்பரப்பாகவே கிடக்கும். ஆகவே, இப்பகுதியில் சோளமும் கேழ்வரகும் நிலக்கடலையும் மழையையும் கிணற்றையும் நம்பியே விளைகின்றன. மழை பொய்த்தால் கிணறு வற்றும். கிணறு வற்றினால் ஏர் ஓயும். ஏர் ஓய்ந்த வீட்டின் இளைஞன் துணிமூட்டையுடன் நிலையத்தில் வந்து நிற்பான். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாக வாட்டியது. 1871-இல் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881-இல் 16 இலட்சமாகக் குறைந்தது. மாண்டோர் பலர், வயிற்றுப் பசி துரத்த, கடல் கடந்து தோட்ட வேலைக்குச் சென்றோரும் உளர்.

ஆயினும், வறுமை ஒன்றே மக்களை ஊரினின்று பெயர்க்கின்றது எனக் கருதுதல் பிழையாகும். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, இந்தியாவில் 45 கோடிக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்தோர் ஆவர். அவருள் பெண்களே மிகுதி; அப்பெண்களுள் பெரும்பாலோர் கூறிய காரணம் திருமணம். தாரமங்கலத்தில் பிறந்து ஓமலூரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணை, ‘குடிபெயர்ந்தவள்’ என்று எவரும் சொல்வதில்லை. பிறந்த மண்ணையும் தோழியரையும் கிணற்றடியையும் ஒரே நாளில் துறந்து வந்தவள் அவள். அவளை வழியனுப்பும் நாளில் மேளம் முழங்குவதால், அது பெயர்ச்சி என்பதே மறந்துபோகின்றது. இரேவன்சுடைன் என்னும் புவியியல் அறிஞர் 1885-இல் இங்கிலாந்தின் குடிக்கணக்கை ஆராய்ந்து, இடம்பெயர்வோருள் மிகப் பலர் சிறு தொலைவே செல்கின்றனர் என்றும், அச்சிறு தொலைவுப் பெயர்ச்சியில் ஆடவரினும் பெண்டிரே மிகுதி என்றும் எழுதினார். நம் நாட்டுச் சிற்றூர்களுக்கும் அக்கூற்று பொருந்தியே நிற்கின்றது.

ஒரு வேடிக்கையும் உண்டு. 1965-இல் தருமபுரியும், 1997-இல் நாமக்கல்லும் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டங்கள் ஆயின. திண்ணையைவிட்டு இறங்காமலேயே பல்லாயிரவர் வேறு மாவட்டத்தார் ஆகிவிட்டனர்!

நம் நாட்டுக் குடிக்கணக்கில் ‘ஏன் இடம்பெயர்ந்தீர்?’ என்னும் வினா 1981-இல் சேர்க்கப்பட்டது. வேலை, வணிகம், கல்வி, திருமணம், குடும்பத்துடன் வந்தமை என விடைகள் வகுக்கப்பட்டுள்ளன. மனிதன் வீட்டைவிட்டுப் புறப்படுவது பெரும்பாலும் ஒரு காரணத்தால் அன்று. கிணறு வற்றியது, மகளுக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டியிருந்தது, மைத்துனன் சேலத்தில் ஒரு வேலை பார்த்து வைத்தான், பங்காளியோடு வரப்புத் தகராறு என நான்கும் கூடியபொழுதே வண்டி கட்டப்படுகின்றது. கணக்கெடுப்பவரிடம் ‘வேலை’ என்று ஒரு சொல் சொல்லப்படுகின்றது. வரப்புத் தகராற்றை எழுத அத்தாளில் இடம் ஏது?

இனி, மேட்டூர்ப் பாதைக்கு வருவோம். காவிரியின் குறுக்கே மேட்டூர் அணையின் பணி 1925-இல் தொடங்கி, 1934-இல் முடிந்தது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் சார்ச்சு இசுடான்லியின் பெயர் நீர்த்தேக்கத்திற்கு இடப்பட்டது. நீரின் உயர் அளவு 120 அடி. கொள்ளளவு 93 ஆயிரம் கோடி கன அடிக்குப் பத்தில் ஒரு பங்கு, அஃதாவது 9,300 கோடி கன அடிக்குச் சற்று மிகுதி. இந்நீர் தேங்கிய இடம் வெற்றுப் பாறைவெளி அன்று. நாயம்பாடி முதலிய ஊர்கள் அங்கே இருந்தன. வீடுகளும் வயல்களும் கோயில்களும் கிறித்தவத் தேவாலயமும் இருந்தன. அவ்வூரார் அனைவரும் வெளியேற வேண்டியவர் ஆயினர்.

அந்நாளில் நடைமுறையில் இருந்தது 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். நிலத்திற்கு விலை கொடுப்பது அச்சட்டத்தின் கடமை. நிலம் இழந்தோர் மீண்டும் எங்கே, எவ்வாறு வாழ்வர் என்பது அதன் கடமையன்று. மறுகுடியமர்த்தலையும் கடமையாக்கிய சட்டம் 2013-இல்தான் இயற்றப்பட்டது.

வீடு மாறும் குடும்பம் அம்மியையும் குழவியையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம். கதவையும் உத்தரத்தையும் கழற்றிக்கொள்ளலாம். கிணற்றை ஏற்ற இயலாது. முன்னோரைப் புதைத்த மண்ணையும், அண்டை வீட்டாரோடு கொண்ட பல தலைமுறைப் பழக்கத்தையும் எவ்வண்டி சுமக்கும்? நிலத்தின் விலையைக் கணிக்கும் அதிகாரி இவற்றுக்கு எவ்விலை எழுதுவார்?

அணையால் விளைந்த நன்மை பெரிது. தஞ்சைத் தரணியின் பழைய வயல்கள் வெள்ளத்திற்கும் வறட்சிக்கும் அஞ்சுவது குறைந்தது. புதிதாக மூன்று இலட்சம் ஏக்கர் நிலம் பாசனம் பெறத் திட்டமிடப்பட்டது. ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உழவர்கள் தம் ஊரிலேயே நிலைத்து வாழும்பொருட்டு, நாயம்பாடியார் தம் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். தஞ்சையில் சோறு உண்போருள் எத்தனை பேர் அவ்வூரின் பெயரையேனும் கேட்டிருப்பர்?

பெங்களூருக்குச் சென்ற ஓமலூர் இளைஞன் இருநூறு கிலோமீட்டர் தொலைவில் இருப்பினும், பொங்கலுக்கு வந்துவிடுகின்றான். குலதெய்வத்திற்குப் பொங்கலிட்டு, பழைய வீட்டின் திண்ணையில் உறங்கி, மறுநாள் திரும்புகின்றான். நீர்த்தேக்கத்தின் கரைமேட்டில் குடியேறியவன் சில கல் தொலைவே நகர்ந்தான். தன் ஊர் இருந்த இடத்தை நாள்தோறும் கண்ணால் காண்கின்றான். ஆனால், அங்கே செல்ல வழியில்லை. குடிபெயர்ச்சியைக் கல் கணக்கில் அளப்போர், இவ்விருவருள் தொலைவாகச் சென்றவன் இளைஞனே என்பர். இரேவன்சுடைனின் கணக்கும் அதையே சொல்லும். மீண்டும் திரும்ப இயலுமா என்று வினவினால் விடை மாறிவிடும்.

கோடையில் அணையின் நீர் மிகக் குறையும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பரிசல் துறைக்கு அருகில் தேவாலயத்தின் கோபுரம் முதலில் தலைகாட்டும். நீர் மேலும் இறங்கினால், சலகண்டேசுவரர் கோயிலின் பெரிய நந்தி வெளிப்படும். சுற்றுப்புறத்து மக்கள் திரண்டு சென்று காண்பர். நீர் வடிந்த வண்டல் நிலத்தில் அருகிலுள்ள உழவர்கள் எள்ளும் சோளமும் நிலக்கடலையும் விதைப்பர். குடகு மலையில் மழை தொடங்கிவிட்டது என்னும் செய்தி வந்ததும், கதிர் முற்றியதோ இல்லையோ, அறுவடைக்கு விரைவர். சில நாட்களில் நீர் வந்துசேரும். நந்தியின் முதுகு மறையும். பிறகு கோபுரமும் மறையும்.